பழைய வொர்க்ஸ்டேஷனில் ஹைக்கு: எல்லையோரத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் பம்பு, நெசவு இயந்திரம் வடிவமைக்கும் அலுவலகங்கள் பழைய கணினிகளைக் கழிக்கும்போது டெல் பிரிசிஷன், ஹெச்பி இசட் வரிசை வொர்க்ஸ்டேஷன் பெட்டிகள் மலிவாகக் கைமாறுகின்றன. அவற்றில் சில கேரள எல்லையிலுள்ள வாளையாரையும் வேலந்தாவளத்தையும் கடந்து, பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்து வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. அவற்றில் ஹைக்கு இயங்குதளத்தை ஏற்றிப் பார்க்க விரும்பும் மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

ஹைக்கு என்பது லினக்ஸின் இன்னொரு வகையா?

இல்லை. இதில் லினக்ஸின் கெர்னல் (வன்பொருளை ஆளும் மைய நிரல்) கிடையாது. ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான்-லூயி காசே 1990இல் பீ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது உருவாக்கிய பீஓஎஸ், ஒலியையும் காணொளியையும் தடங்கலின்றிக் கையாள்வதற்கென்றே அடித்தளத்திலிருந்து எழுதப்பட்டது. 1996இல் ஆப்பிள் அதை வாங்கப் பேச்சு நடத்திவிட்டு, கடைசியில் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியது. 2001இல் பீயின் சொத்துகள் பாம் நிறுவனத்துக்குப் போயின. பீஓஎஸ் அத்தோடு நின்றது.

அதை இழக்க மனமில்லாதவர்கள் அதே ஆண்டு ஓப்பன்பீஓஎஸ் என்ற பெயரில் எல்லாவற்றையும் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். 2004 முதல் அதன் பெயர் ஹைக்கு. முதல் ஆல்பா (ஆரம்பச் சோதனைப் பதிப்பு) 2009இலும் முதல் பீட்டா (அடுத்தகட்டச் சோதனைப் பதிப்பு) 2018இலும் வந்தன. ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில் வெளியானது. மூலநிரலை யாரும் எடுத்தாள விடும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது, கட்டணம் இல்லை.

லினக்ஸே நன்றாக ஓடும்போது இதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும், மாஷே?

நியாயமான கேள்விதான். நம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு லினக்ஸ் புதிதல்ல. கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் படித்த உறவுக்காரப் பிள்ளைகளும் தமிழ்நாடு அரசு கொடுத்த மடிக்கணினியில் பாஸ் லினக்ஸைப் பார்த்திருப்பார்கள். அன்றாட வேலைக்கு லினக்ஸ் போதும். அதை ஹைக்குவால் ஈடுகட்டச் சொல்லவில்லை.

ஆனால், ஒரு கணினி மின்சாரம் பாய்ந்த நொடியிலிருந்து மேசைத்திரை வரும்வரை என்ன செய்கிறது என்பதைக் கற்க ஹைக்குவைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. லினக்ஸில் கெர்னல் ஒரு குழுவின் வேலை, சாளர அமைப்பு இன்னொரு குழுவின் வேலை, கோப்பு மேலாளர் வேறொரு குழுவின் வேலை. ஹைக்குவில் இவை அனைத்தையும் ஒரே குழு ஒரே மூலநிரல் களஞ்சியத்தில் வைத்து வளர்க்கிறது. கல்லூரியில் இயங்குதளப் பாடம் படிக்கும் பிள்ளை, திரையில் தெரியும் ஒரு பொத்தானில் தொடங்கி வட்டில் எழுதப்படும் பைட் வரை ஒரே இடத்தில் தேடிப் படித்துவிடலாம். அதற்காகவே இதைத் தூக்கிப் பிடிக்கிறேன்.

எந்தப் பெட்டியை வாங்கலாம்?

முதலில், வொர்க்ஸ்டேஷனை ஏன் வாங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேசைக் கணினியைப் போலத் தோன்றினாலும் இவை வேறு தரத்தில் கட்டப்பட்டவை. ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே பெரும்பாலான பாகங்களைக் கழற்றலாம். நினைவகத்தில் ஒரு பிட் புரண்டாலும் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி ராம் இருக்கும். பழுது வந்தால் பெட்டியே வாய் திறந்து சொல்லும்: டெல் பிரிசிஷன் டி3500இல் முன்பக்கம் 1 முதல் 4 வரை எண்ணிட்ட விளக்குகள் எரியும், ஹெச்பி இசட்400இல் மின்விளக்கு சிவப்பாக விட்டுவிட்டு மின்னி அதே எண்ணிக்கையில் பீப் ஒலிக்கும். கையேட்டைப் பார்த்தால் ராமா, கிராபிக்ஸ் கார்டா, செயலியா என்று தெரிந்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது.

இந்த இரண்டும் இன்டெல் எக்ஸ்58 சிப்செட்டில் அமைந்த, 2009ஐ ஒட்டிய மாதிரிகள். ஹைக்குவுக்கு இவை தாராளம். 384 எம்பி ராம் உள்ள பழைய பெண்டியம் 2 கணினியிலும் தொடங்கக்கூடிய இயங்குதளத்துக்கு, இந்தப் பெட்டிகளின் நான்கு கோர் ஜீயான் செயலியும் 6 ஜிபி ராமும் விருந்துச் சாப்பாடு. எக்ஸ்58இல் ராம் மூன்று தடங்களில் ஓடுகிறது. ஆகவே ஒரே அளவில் மூன்று குச்சிகளாகப் போடுங்கள். விற்பவர் கிடைத்த இரண்டைச் செருகித் தந்திருப்பார். அதிலும் ஓடும், வேகம் குறையும்.

தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு. சில பெட்டிகளில் வட்டுகள் தனி சாஸ் (சர்வர் வகை வட்டு இணைப்பு) அல்லது ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஆளும் முறை) கார்டில் இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கார்டுகளில் பலவற்றை ஹைக்குவுக்கு அடையாளம் தெரியாது. மதர்போர்டிலேயே சாட்டா என்ற வழக்கமான வட்டு இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, வட்டை அதில் செருகுங்கள்.

கோவையில் வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுவருவதில் சிக்கல் உண்டா?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே வணிகவரிச் சோதனைச் சாவடிகளின் பழைய வேலை முடிந்துவிட்டது. இ-வே பில் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான். ஒரு பழைய பெட்டி அந்த விலைக்கு அருகில்கூட வராது. கடைக்காரரிடம் பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போதும். பஸ்ஸில் கொண்டுவந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே துணியில் சுற்றி எடுத்துவாருங்கள். குலுக்கலில் அந்தக் கார்டின் எடைதான் ஸ்லாட்டை உடைக்கிறது.

32 பிட்டா, 64 பிட்டா?

மேலே சொன்ன ஜீயான்கள் அனைத்தும் 64 பிட். அதையே எடுங்கள், லிபர் ஆஃபீஸ் போன்ற பெரிய மென்பொருள்களுக்கும் அதுவே வசதி. 32 பிட் பதிப்புக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது: 2000ஆம் ஆண்டின் பீஓஎஸ் மென்பொருள்கள் அதில் அப்படியே ஓடும். வரலாற்றில் ஆசை உள்ளவர்கள் இரண்டாவது வட்டில் அதை வைத்துக்கொள்ளலாம்.

நிறுவுவதற்கு முன் பெட்டியில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் தூசி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அது வீசும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த எந்தப் பெட்டியிலும் செம்மண் படிந்துவிடும். செயலியின் மேலிருக்கும் உலோகத் தகடுகளுக்கு இடையே அது அடைத்துக்கொண்டால், பங்குனி, சித்திரை வெயிலில் செயலி சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அல்லது பெட்டி அணைந்துவிடும். ஊதித் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுங்கள்.

இரண்டாவது, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் “ஹைக்கு நேற்று ஓடியது, இன்று தொடங்கவில்லை” என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இந்தச் சிறு வில்லைதான். அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் போனதும் பயாஸ் (கணினி இயங்கியதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்புகள் ஆலை விட்டு வந்த நிலைக்குத் திரும்பிவிடும். அடுத்த பதிலில் சொல்வதுபோல் நீங்கள் மாற்றி வைத்த வட்டு அமைப்பு மீண்டும் ரெய்டு ஆகிவிடலாம், ஹைக்கு தன் வட்டைக் காணாமல் தவிக்கும். தேதியும் பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று கருதப்படும், மென்பொருள் களஞ்சியம் திறக்காது. பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும். வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, மெம்டெஸ்ட்86+ போட்டு ஓர் இரவு ராமைச் சோதியுங்கள். சோதனை நிலையில் உள்ள இயங்குதளத்தைப் பழுதான ராமில் ஏற்றினால், பழி யார் மேல் என்றே தெரியாமல் வாரங்கள் ஓடும்.

பயாஸில் எதை மாற்ற வேண்டும்?

டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10 அழுத்தி உள்ளே போங்கள். சாட்டா வட்டின் இயக்கமுறை ரெய்டு என்று இருந்தால் ஏஹெச்சிஐ (வட்டைத் தனித்தனியாக நேரடியாக ஆளும் முறை) என்று மாற்றுங்கள். இதே பெட்டியில் பழைய விண்டோஸ் இருந்தால், இந்த மாற்றத்துக்குப் பிறகு அது தொடங்காமல் போகலாம். அதனால்தான் அடுத்த அறிவுரை: ஹைக்குவுக்குத் தனி வட்டு வைத்துக்கொள்ளுங்கள். 16 ஜிபி இடமே போதும் என்பதால் கைவிடப்பட்ட சிறிய எஸ்எஸ்டி கூட நன்றாகப் பொருந்தும். நிறுவும் நேரத்தில் பழைய வட்டின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக் கல்யாணப் படங்கள் இருக்கும் வட்டு இணைப்பில் இல்லாவிட்டால், எவ்வளவு துணிச்சலாகச் சோதித்தாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

பென் டிரைவ் தயாரிப்பது எப்படி?

4 ஜிபி பென் டிரைவ் போதும். ஹைக்கு தளத்திலிருந்து எனிபூட் என்ற வகைக் கோப்பை இறக்கி, கூடவே தந்திருக்கும் ஷா256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுங்கள். எல்லையோரத்தில் இரண்டு மாநிலக் கோபுரங்களின் அலைவரிசைக்கு இடையே கைப்பேசி தாவிக்கொண்டிருக்கும் இடங்களில் பாதி இறங்கிய கோப்பு சாதாரணம்.

விண்டோஸில், பென் டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் மென்பொருளைப் பயன்படுத்துவதாக இருந்தால், அது கேட்கும்போது டிடி (DD) முறையைத் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓ முறையில் எழுதினால் தொடங்காது. லினக்ஸில் டிடி (dd) கட்டளையே போதும். எந்தச் சாதனத்தில் எழுதுகிறோம் என்பதை மட்டும் இருமுறை பாருங்கள், அந்தக் கட்டளை எதையும் திருப்பிக் கேட்காது.

செருகும்போது பெட்டியின் பின்பக்கத்து யூஎஸ்பி 2 துளையில் செருகுங்கள். பின்னால் சேர்க்கப்பட்ட யூஎஸ்பி 3 கார்டிலிருந்து இந்தப் பெட்டிகளின் பழைய பயாஸ் தொடங்காது. பிறகு கணினியைத் தொடங்கி, டெல்லில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் பென் டிரைவைக் காணவில்லை என்றால், அதே எனிபூட் கோப்பை டிவிடியில் எழுதலாம். இந்தப் பெட்டிகளில் டிவிடி டிரைவ் இருக்கும், அதற்கு இன்றும் ஒரு பயன் உண்டு.

திரையில் சின்னங்கள் வரிசையாக ஒளிர்ந்து பாதியில் நின்றுவிட்டன. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். ஹைக்கு தொடங்கும்போது ஏழு சின்னங்கள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒளிரும். அவை அழகுக்காக வைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தின் அறிவிப்பு.

முதலாவது அணு. கெர்னலின் தொகுதிகள் தயாராகின்றன. இரண்டாவது பூதக்கண்ணாடியுடன் வட்டு. அடிப்படைக் கோப்பு மரம் உருவாகிறது. மூன்றாவது செருகு அட்டை. சாதன மேலாளர் பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கத் தொடங்குகிறது. நான்காவது தொடக்க வட்டு. ஹைக்கு இருக்கும் வட்டைக் கண்டுபிடித்து இணைக்க வேண்டும். ஐந்தாவது சிப். செயலிக்கே உரிய தொகுதிகள் ஏறுகின்றன. ஆறாவது கோப்புறை. மீதமுள்ள உள்ளமைப்புகள் முடிகின்றன. ஏழாவது ராக்கெட். கெர்னல் தன் வேலையை முடித்து, தொடக்க நிரலிடம் ஒப்படைத்துவிட்டது.

ஆகவே எந்தச் சின்னத்தில் நின்றது என்பதே பாதி விடை. நான்காவதில் நின்றால் வட்டைப் பற்றி மட்டும் யோசியுங்கள்: ஏஹெச்சிஐ மாறியிருக்கிறதா, வட்டு ரெய்டு கார்டில் இருக்கிறதா, பென் டிரைவ் தவறான துளையில் இருக்கிறதா. மூன்றாவதில் நின்றால் ஏதோ ஒரு கார்டு தொல்லை கொடுக்கிறது. தேவையில்லாத கார்டுகளைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ராக்கெட் ஒளிர்ந்தபின் திரை கறுத்தால் கிராபிக்ஸ் மேல் சந்தேகப்படுங்கள்.

அடுத்த கருவி தொடக்கப் பட்டி. பயாஸ் முடிந்த நொடியிலிருந்து ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அது திறக்கும். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள சற்றுப் புதிய பெட்டிகளில் ஸ்பேஸ் விசையைத் தட்டுங்கள். பாதுகாப்பு முறை விருப்பங்கள் என்ற பிரிவில் பாதுகாப்பான காட்சி முறை, ஏசிபிஐ (மின்சார, சாதன மேலாண்மை) நிறுத்தம், ஐஓ-ஏபிக் (சாதனங்களின் அழைப்புகளைச் செயலிக்கு அனுப்பும் பகுதி) நிறுத்தம், பல செயலிப் பயன்பாட்டு நிறுத்தம் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து, “தொடங்கிவிட்டது” என்று மகிழ்பவர்கள் உண்டு. அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றித் தொடங்கிப் பாருங்கள், மாற்றியதைத் தாளில் குறியுங்கள். எது தடை என்று தெரிந்துவிட்டால், அந்த ஒரு டிரைவரை (சாதனத்தை இயக்கும் நிரலை) மட்டும் முடக்கிவிட்டுத் தொடங்கும் வசதியும் அதே பட்டியில் இருக்கிறது. அத்தனை நுணுக்கமான பிடியை வேறு எந்த மேசை இயங்குதளமும் தொடக்கப் பட்டியிலேயே தந்து நான் கண்டதில்லை.

அதே தொடக்கப் பட்டியின் பிழைதிருத்தப் பிரிவில், தொடங்கும்போது நடப்பதை எல்லாம் எழுத்தாகத் திரையில் ஓடவிடும் விருப்பமும் உண்டு. சின்னங்கள் மறைந்து வரிகள் ஓடும். கடைசி வரியைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தாக ஏதோ வந்து பெட்டி உறைந்துவிட்டது. பெட்டி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அது கெர்னல் பிழைதிருத்தி. தொடர்ந்தால் தரவு பாழாகலாம் என்று தோன்றும்போது கெர்னல் தன்னை நிறுத்திக்கொண்டு உங்களிடம் பேச வருகிறது. கே, டி, எல் (KDL) என்ற மூன்று எழுத்துகளால் அதைக் குறிப்பிடுவார்கள். பீ, டி (bt) ஆகிய இரண்டு எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால், நிரலின் எந்தச் சார்பு (தனி வேலைப் பகுதி) எதை அழைத்து இங்கே வந்து நின்றது என்று பட்டியலிடும். அதைப் படம் எடுத்துவிட்டு, மறுதொடக்கக் கட்டளையை (reboot) கொடுங்கள்.

இந்த இடத்தில் யூஎஸ்பி கீபோர்டு சில சமயம் வேலை செய்யாது. டி3500 போன்ற பெட்டிகளின் பின்னால் ஊதா நிற வட்டத் துளை இருக்கிறதல்லவா, அதற்கேற்ற பழைய பிஎஸ்2 கீபோர்டு ஒன்றைப் பாதுகாத்து வையுங்கள். பாலக்காட்டுப் பழுதுக் கடைகளில் மூலையில் கிடக்கும்.

நிறுவும் படிகள் என்ன?

முதல் திரையில் நிறுவாமல் பென் டிரைவிலேயே ஓட்டிப் பார்க்கும் விருப்பம் இருக்கும். முதலில் அதைத் தேர்ந்தெடுத்து ஒலி, இணையம், திரை மூன்றையும் பாருங்கள். திருப்தியான பிறகு நிறுவியைத் திறங்கள். டிரைவ்செட்டப் என்ற கருவியில் புதிய வட்டுக்கு இன்டெல் பார்ட்டிஷன் வரைபடம் கொடுங்கள். பழைய பயாஸுக்கு அதுதான் பொருந்தும். ஒரு பகுதியை உருவாக்கி, செயல்படு நிலை என்று குறித்து, பீ கோப்பு முறைமையில் வடிவமையுங்கள். பிறகு நகலெடுப்பு தொடங்கும், எஸ்எஸ்டியில் அது சில நிமிட வேலை.

முடிந்ததும் அவசரப்பட்டு மூடாதீர்கள். வெற்று வட்டின் முதல் பிரிவில் தொடக்க நிரல் எதுவும் இருக்காது. நிறுவியின் கருவிகள் பட்டியிலிருந்து தொடக்கப் பட்டியை அமைக்கும் விருப்பத்தைத் திறந்து அதையும் எழுதிவிடுங்கள். இதை விட்டவர்கள்தான் கறுப்புத் திரையில் மின்னும் ஒற்றைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்பிருந்த பதிவைக் காப்பாக எடுத்துவைக்கவா என்று அது கேட்கும். எடுத்துவையுங்கள்.

திரை மங்கலாக, அகலம் தவறாகத் தெரிகிறது. இணையமும் வேண்டுமே?

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் என்விடியா குவாட்ரோ கார்டு இருக்கும். அதற்குரிய டிரைவர் ஹைக்குவில் இல்லாதபோது வெசா என்ற பொதுவான அடிப்படைக் காட்சி முறையில் ஓடும். கார்டின் பயாஸ் எந்த அளவுகளை அறிவிக்கிறதோ அவை மட்டுமே கிடைக்கும், உங்கள் திரையின் இயல்பான அளவு அதில் இல்லாமல் போகலாம். பழைய ரேடியான் எச்டி வரிசைக் கார்டு ஒன்றை மாற்றிப் பாருங்கள், அவற்றுக்கு டிரைவர் உண்டு. முப்பரிமாண விளையாட்டை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த வேலை முழுதும் செயலியின் தலையில் விழும்.

கம்பி வழி இணையம் செருகியதும் வந்துவிடும். வைஃபைக்கு ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி என்ற வேறு இயங்குதளங்களின் டிரைவர்களை ஹைக்கு எடுத்தாள்கிறது. இன்டெல், ஏதெரோஸ் கார்டுகளுக்கு வாய்ப்பு அதிகம்.

தமிழ் தெரியுமா?

எழுத்துருவை நிறுவினால் எழுத்துகள் தெரியும். ஆனால் ஹைக்குவின் சொந்த மென்பொருள்களில் சிக்கலான எழுத்து வரிவடிவங்களை ஒழுங்குபடுத்தும் வசதி இல்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கெ, கே, கொ வரும் சொற்களெல்லாம் உடைந்து தெரியும். மலையாளத்துக்கு நிலைமை இன்னும் மோசம், கூட்டெழுத்துகள் சிதறிவிடும். லிபர் ஆஃபீஸும் க்யூடி என்ற நிரல் தொகுப்பின் வழியே எழுதப்பட்ட மென்பொருள்களும் தங்களுக்கென வடிவமைப்பியைக் கொண்டு வருவதால் அவற்றில் தமிழ் சரியாகத் தெரியும்.

இதை ஒரு குறையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மொழியும் வீட்டில் புழங்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, எது உடைந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். சி++ தெரிந்த ஒரு மாணவர் உண்மையான ஓர் இயங்குதளத்தில் கைவைக்க இதைவிடப் பொருத்தமான பணி என்ன இருக்கிறது?

துலாவர்ஷ இடியும் மின்வெட்டும் தாங்குமா?

கோப்பு முறைமை தாங்கும். பீஎஃப்எஸ், மாற்றங்களை முதலில் குறிப்பேட்டில் எழுதிப் பிறகு செயல்படுத்தும் வகையைச் சேர்ந்தது. பீ நிறுவனத்தில் அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான டொமினிக் ஜியாம்போலோ பின்னர் ஆப்பிளில் சேர்ந்தார். திடீரென மின்சாரம் போனாலும் வட்டின் கட்டமைப்பு குலையாது. நீங்கள் சேமிக்காமல் தட்டச்சு செய்துகொண்டிருந்த பத்தி மட்டும் போய்விடும்.

பெட்டியின் கதை வேறு. ஐப்பசி மாலைகளில் இடி கேட்கத் தொடங்கியதும் மின்கம்பியையும் இணையக் கம்பியையும் சேர்த்தே பிடுங்குங்கள். இணையக் கம்பியை மறப்பவர்கள்தான் அதிகம். யூபிஎஸ் வாங்குவதாக இருந்தால் கணக்குப் பாருங்கள்: வழக்கமான 600 விஏ யூபிஎஸ் 360 வாட் வரைதான் தரும், டி3500இன் பவர் சப்ளை 525 வாட் திறன் கொண்டது. சாதாரணப் பயன்பாட்டில் அது முழுதும் இழுக்காது என்றாலும், செயலி முழு வேகத்தில் ஓடும்போது சிறிய யூபிஎஸ் அணைந்துவிடலாம். சதுர அலை தரும் மலிவு யூபிஎஸ்ஸோடு இந்தத் தரமான பவர் சப்ளைகள் ஒத்துப்போகாமல், மின்சாரம் போன நொடியிலேயே பெட்டி அணைவதும் உண்டு. சைன் அலை என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

அச்சகத்தில், கடையில் இதைப் பயன்படுத்தலாமா? அப்பா கேட்கச் சொன்னார்.

வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி. அச்சுப்பொறி ஆதரவு குறைவு, நம்மவர்கள் பயன்படுத்தும் பக்க வடிவமைப்பு மென்பொருள்களும் இல்லை. ஹைக்கு ஒரே பயனருக்கானது. உள்ளே நுழையும் எவருக்கும் முழு அதிகாரம் உண்டு, கடவுச்சொல் கேட்காது. ஆகவே வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல் போன்றவற்றை இதில் செய்யக்கூடாது. பிழைப்புக்கான கணினி வேறு, பயிற்சிக்கான கணினி வேறு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நலமாக இருக்கும்.

புதுப்பித்தபின் தொடங்கவில்லை. எல்லாவற்றையும் மீண்டும் நிறுவ வேண்டுமா?

தேவையில்லை. ஹைக்குவில் மென்பொருள்கள் பிரித்துக் கொட்டப்படுவதில்லை. பொதி பொதியாகவே இருந்து, படிக்க மட்டும் இயலும் வகையில் இணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் இருந்த நிலை பாதுகாக்கப்படுகிறது. தொடக்கப் பட்டியில் தொடக்க வட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போனால் முந்தைய நிலைகள் தேதியுடன் இருக்கும். நேற்றையதைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள்.

பிழையை யாரிடம் சொல்வது? நம் ஆங்கிலத்துக்கு யாராவது மதிப்புக் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். உலகெங்கும் தாய்மொழி வேறாக உள்ளவர்கள்தான் ஹைக்குவை எழுதுகிறார்கள், எளிய ஆங்கிலம் போதும். திட்டத்தின் பிழைப்பதிவேட்டில் ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிவிட்டுப் பதியுங்கள். மூன்றைச் சேர்த்தால் போதும்: பெட்டியின் மாதிரி எண், லிஸ்ட்டெவ் (listdev) என்ற கட்டளை தரும் சாதனப் பட்டியல், சிஸ்லாக் (syslog) என்ற பதிவுக் கோப்பு. பெட்டி தொடங்கவே இல்லையென்றால், மின்சாரத்தை நிறுத்தாமல் மறுதொடக்கம் செய்து, தொடக்கப் பட்டியின் பிழைதிருத்தப் பிரிவிலிருந்து முந்தைய ஓட்டத்தின் பதிவை ஃபேட்32 முறைமையில் வடிவமைத்த பென் டிரைவில் சேமிக்கலாம். சோதனை நிலையில் உள்ள இயங்குதளத்தை எழுதுபவர்களிடம் எல்லாப் பெட்டிகளும் இருக்காது. 2009இன் ஜீயானும் ஒரு பழைய குவாட்ரோவும் சேர்ந்து ஓடும் ஒரு பெட்டி உங்கள் மேசையில் இருக்கிறது என்றால், உங்கள் பதிவு அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

பிடிக்கவில்லை என்றால் நீக்குவது எப்படி?

தனி வட்டில் நிறுவியிருந்தால், அந்த வட்டைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுங்கள். விண்டோஸ் தொடங்க மறுத்தால் பயாஸில் சாட்டா முறையை முன்பு இருந்ததற்கே மாற்றுங்கள். ஒரே வட்டைப் பகிர்ந்திருந்தால், தொடக்கப் பட்டியை அமைத்த அதே கருவியில் நீக்கும் விருப்பமும் இருக்கிறது. அது நிறுவும்போது காப்பாக எடுத்த பழைய பதிவைத் திரும்ப எழுதிவிடும். அதைச் செய்து, பெட்டி பழையபடி தொடங்குகிறதா என்று பார்த்த பிறகே ஹைக்குவின் பகுதியை அழியுங்கள்.